மொரியாசுவும் கடைசி நிமிடங்களும்: ஜப்பான் பயிற்சியாளரைப் பற்றி ஒரு விவாதம்

#1 கார்னர்கொடி

2025 அக்டோபர் 14 அன்று டோக்கியோவில் பிரேசிலை ஜப்பான் கால்பந்து அணி 3-2 என்று வீழ்த்தியதிலிருந்து எங்கே பார்த்தாலும் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசுவின் பேச்சுதான். முதல் பாதியில் 2-0 என்று பின்தங்கிய அணி, இடைவேளைக்குப் பிறகு மூன்று கோல் போட்டு ஜெயித்தது. பிரேசிலுக்கு எதிராக ஜப்பானுக்குக் கிடைத்த முதல் வெற்றி இது. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி, ஸ்பெயின் ஆட்டங்களிலும் இதே கதைதான் என்பதால், 'இடைவேளையில் ஆட்டத்தை மாற்றுகிறவர்' என்று அவர்மேல் ஒரு முத்திரை குத்திவிட்டார்கள்.

எனக்கு அந்த முத்திரை போதவில்லை. மொரியாசு என்ற மனிதரை அறிய இடைவேளையைப் பார்ப்பதைவிட ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களைப் பார்க்க வேண்டும். அவருடைய வாழ்க்கையே அந்த நிமிடங்களைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

1993 அக்டோபர் 28, தோஹா. 1994 உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து இரண்டே இடம். கடைசி ஆட்டத்தில் ஈராக்கை வென்றால் ஜப்பான் வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போகும். 90-வது நிமிடம் வரை 2-1 என்று முன்னிலை. கஸு மியூரா ஒரு கோல், நகாயாமா ஒரு கோல். தற்காப்புக்கு முன்னால் நின்று விளையாடிய 25 வயது நடுக்கள வீரர்தான் மொரியாசு.

அந்தக் கடைசி நிமிடங்களின் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாற்று வீரராக வந்த தகேதா வலது ஓரத்தில் பந்தை வாங்குகிறார். அங்கேயே வைத்து நேரத்தைக் கரைத்திருக்கலாம். அவர் கோல் முகத்துக்கு கிராஸ் அடிக்கிறார், அங்கே யாரும் இல்லை. பந்து ஈராக்கிடம் போகிறது, திரும்பி வருகிறது, கார்னர் ஆகிறது. நேராகப் பெட்டிக்குள் அடிப்பார்கள் என்று எல்லோரும் காத்திருக்க, ஈராக் ஷார்ட் கார்னர் எடுக்கிறது, அதாவது பக்கத்தில் நிற்பவருக்கே தட்டிவிடுகிறது. மியூரா ஓடிவந்து காலை நீட்டுகிறார், எட்டவில்லை. கிராஸ் வருகிறது, ஈராக்கின் ஓம்ரான் தலையால் முட்டுகிறார், கோல் கீப்பர் மட்சுநாகா நின்ற இடத்திலேயே நின்று பார்க்கிறார். 2-2. தென் கொரியா கோல் வித்தியாசத்தில் ஜப்பானை முந்தி உலகக் கோப்பைக்குப் போய்விட்டது.

மொரியாசுவுக்கு வீரராக உலகக் கோப்பை வாய்க்கவே இல்லை. ஜப்பான் முதன்முதலாகத் தகுதி பெற்ற 1998-இல் அவர் அணியில் இல்லை. 35 சர்வதேச ஆட்டம், ஒரு கோல், அவ்வளவுதான். அந்த ஒரு இரவிலிருந்துதான் பயிற்சியாளர் மொரியாசு உருவானார் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 வலைக்காவலன்

நல்ல இழை அண்ணா. ஆனால் தோஹா கதை கேட்க உணர்ச்சியாக இருக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றிவிட வேண்டாம். அந்த ஆட்டத்தில் மொரியாசுவோடு விளையாடியவர்கள் பலர் பின்னாளில் பயிற்சியாளர் ஆனார்கள். எல்லோரும் ஜெர்மனியை வென்றுவிடவில்லையே.

கடைசி நிமிடம் என்கிறீர்கள். 2024 ஆசியக் கோப்பை கால் இறுதியை என்ன செய்வது? ஈரானுக்கு எதிராக மொரிதா அடித்த கோலில் ஜப்பான் முன்னிலை. இரண்டாவது பாதி முழுக்க ஈரான் நீளப் பந்துகளை மையத் தடுப்பாளர் இதாகுரா நிற்கும் இடத்தைப் பார்த்தே அடித்துக்கொண்டிருந்தது. அவர் முதல் பாதியிலேயே மஞ்சள் அட்டை வாங்கியவர். திணறுகிறார் என்பது தொலைக்காட்சியில் பார்த்த நமக்கே தெரிந்தது. பயிற்சியாளர் அவரை மாற்றவில்லை. கடைசியில் அதே இதாகுரா பெட்டிக்குள் ஃபவுல் செய்து, 90+6-இல் ஜஹான்பக்ஷ் பெனால்டி அடித்து, 2-1 தோல்வி. கடைசி நிமிடத்தில் பாடம் படித்தவர் செய்கிற வேலையா இது?

#3 பழையபந்து

இருவரும் பேசுவது தேசிய அணியைப் பற்றி மட்டும். ஹிரோஷிமா கிளப்பைப் பேசாமல் மொரியாசுவைப் பேச முடியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது ஷிஸுவோகா மாநிலத்தில், வளர்ந்தது நாகசாகியில். பள்ளி முடித்து 1987-இல் மஸ்டா அணிக்கு வந்தார். அப்போது ஜப்பானில் தொழில்முறை லீக் கிடையாது, கம்பெனி அணிகள்தான். பகலில் வேலை, பிறகு பயிற்சி. மொரியாசு பள்ளிக் காலத்திலேயே பெயரெடுத்த நட்சத்திரமும் இல்லை, வேகமும் இல்லை, உயரமும் இல்லை. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பார். அதைக் கவனித்தவர் அங்கே பயிற்சியாளராக இருந்த டச்சுக்காரர் ஹன்ஸ் ஊஃப்ட். அவரே 1992-இல் ஜப்பான் தேசியப் பயிற்சியாளர் ஆனதும், ரசிகர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத மொரியாசுவை அழைத்தார். முதல் ஆட்டமே அர்ஜென்டினாவோடு. 1-0 என்று தோற்றாலும் அன்றைக்குப் பிறகு அவரை அணியிலிருந்து எடுக்கவில்லை. சக நடுக்கள வீரர் ராமோஸ் முன்னால் போய் கலை காட்டட்டும், பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிற்கிற வேலை அவருடையது.

மஸ்டா அணிதான் பிறகு சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. 1994-இல் ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கின் முதல் கட்டத்தை அவர்கள் வென்றபோதும் நடுக்களத்தில் அவர் இருந்தார். இடையில் கியோட்டோவில் ஒரு வருடம், கடைசியில் வெகால்டா செண்டாயில் இரண்டு வருடம். 2004 தொடக்கத்தில் ஓய்வு.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. 2012-இல் ஹிரோஷிமாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் மிஹைலோ பெட்ரோவிச். தாக்குதலே தர்மம் என்று நினைப்பவர், அவர் உராவா கிளப்புக்குப் போய்விட்டார். பந்து நம்மிடம் இருக்கும்போது நடுக்கள வீரர் ஒருவர் தடுப்பாளர்களுக்கு நடுவே இறங்கிக்கொள்வார், முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். இதுதான் பெட்ரோவிச்சின் ஆட்டம். பார்க்க அழகு, ஆனால் ஓட்டைகள் நிறைய. புதிதாக வருகிற பயிற்சியாளர் வழக்கமாக என்ன செய்வார்? பழையதை இடித்துத் தன் கட்டடத்தை எழுப்புவார். மொரியாசு அப்படிச் செய்யவில்லை. தாக்குதலை அப்படியே வைத்துக்கொண்டு, பந்து போனதும் ஐந்து பேர் பின்வரிசை, நான்கு பேர் அதற்கு முன்னால் என்று இறங்கச் சொன்னார். வீரர்களுக்குக் கற்றதை மறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வீரராக இருந்தபோது அவர் ராமோஸுக்குப் பின்னால் செய்த அதே வேலையை, இப்போது ஒரு முழு அணிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

முதல் வருடமே பட்டம்! கிளப்பின் முதல் ஜே லீக் பட்டம். முன்கள வீரர் சாட்டோ ஹிசாட்டோ 22 கோல். 2012 நவம்பர் 24 அன்று செரெஸோ ஒசாகாவை 4-1 என்று வென்றார்கள். அன்றே பட்டம் உறுதியாக வேண்டுமென்றால், துரத்திக்கொண்டிருந்த செண்டாய் தோற்க வேண்டும். செண்டாய், அவர் கடைசியாக விளையாடிய கிளப். அதைத் தோற்கடித்தது அல்பிரெக்ஸ் நிகாட்டா, ஹிரோஷிமாவுக்கு வருவதற்குச் சற்று முன்புவரை அவர் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்த கிளப்!

2013-இல் மறுபடியும். கடைசி நாளில் யோகோஹாமா மரினோஸ் வென்றால் பட்டம் அவர்களுக்கு. அவர்கள் கவாசாகியில் தோற்க, ஹிரோஷிமா காஷிமாவில் போய் 2-0 என்று வென்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. 2015-இல் மூன்றாவது பட்டம். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பட்டத்துக்குப் பிறகும் அவருடைய வீரர்களைப் பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போயின. மொரிவாகி போனார், கோல் கீப்பர் நிஷிகாவா போனார், இஷிஹாரா போனார், மூவருமே உராவாவுக்கு. பணம் குறைவான கிளப், ஆள் போய்க்கொண்டே இருக்கிறது, நான்கு வருடத்தில் மூன்று லீக் பட்டம். இதைச் செய்தவரை 'அதிர்ஷ்டக்காரர்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

#4 மழைமைதானம்

பழையபந்து ஐயா, அருமை. ஹிரோஷிமாவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் அதே அணி தரவரிசையில் அடியில் கிடந்தது. ஜூலையில் அவரே விலகினார். மூன்று பட்டம் வாங்கித் தந்த ஊர் என்று ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரிலேயே டோக்கியோ ஒலிம்பிக்குக்கான இளையோர் அணியை அவரிடம் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 2018 ரஷ்யா உலகக் கோப்பையில் அவர் தலைமைப் பயிற்சியாளர் நிஷினோவுக்கு உதவிப் பயிற்சியாளர். ரோஸ்தோவில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 முன்னிலை, பிறகு 2-2. 90+4-இல் ஜப்பானுக்குக் கார்னர். ஹோண்டா அடிக்கிறார், கூர்துவா பிடிக்கிறார், உருட்டி விடுகிறார், டி புருய்னே ஓடுகிறார், சத்லி கோல் அடிக்கிறார். பத்துச் சொச்சம் விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. தோஹாவில் எதிரணியின் கார்னரில் போனது, ரோஸ்தோவில் தன் அணியின் கார்னரிலேயே போனது. ஒன்றில் மொரியாசு களத்தில், மற்றொன்றில் பெஞ்சில். கார்னர்கொடி சொல்வதற்கு இது பலம் சேர்க்கிறது.

அந்த மாதமே தேசிய அணி முழுப் பொறுப்பும் அவருக்கு வந்தது.

#5 நடுவட்டம்

எனக்கு 2021 இலையுதிர்காலம்தான் நினைவில் நிற்கிறது. 2022 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் ஓமனிடம் 1-0 தோல்வி. அடுத்த மாதம் ஜெத்தாவில் சவுதியிடம் 1-0. மூன்று ஆட்டத்தில் இரண்டு தோல்வி. அவரை நீக்க வேண்டும் என்ற குரல் ஜப்பானில் உச்சத்தில் இருந்தது. அக்டோபர் 12, சைதாமாவில் ஆஸ்திரேலியா. தோற்றால் அவர் வேலை போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தேசிய கீதம் ஒலிக்கும்போது கேமரா அவர் முகத்துக்குப் போனது. கண் கலங்கி நின்றார்.

அன்றைக்குத்தான் வழக்கமான 4-2-3-1 அமைப்பை விட்டுவிட்டு எண்டோ, மொரிதா, தனாகா ஆவோ என்று மூன்று நடுக்கள வீரர்களை இறக்கினார். தனாகா எட்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். ஆஸ்திரேலியா ஃப்ரீ கிக்கில் சமன் செய்தது. 86-வது நிமிடத்தில் மாற்று வீரர் அசானோ அடித்த பந்து கம்பத்தில் பட்டு, தடுப்பாளர் பெஹிச் மேல் பட்டு உள்ளே போனது. 2-1. பிறகு சிட்னியில் மிதோமா கடைசி நேரத்தில் வந்து இரண்டு கோல் போட்டு உலகக் கோப்பைக்குத் தகுதி வாங்கித் தந்தார்.

இந்த அசானோ யார் தெரியுமா? 2015-இல் ஹிரோஷிமாவின் மூன்றாவது பட்டத்தை உறுதி செய்த கோலை அடித்தவர். கம்பா ஒசாகாவுக்கு எதிரான இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், அன்றும் மாற்று வீரராக வந்துதான். மொரியாசு அவரை 20 வயதிலிருந்தே அப்படித்தான் பயன்படுத்தினார். எதிரணிக்குக் கால் சோரும் நேரத்தில் இறக்கிவிடுவார்.

#6 வலைக்காவலன்

அசானோ விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். 2022 உலகக் கோப்பையில் அவர் ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோலை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. இதாகுரா தன் பாதியிலிருந்து ஃப்ரீ கிக்கை நீளமாக அடிக்கிறார். அசானோ தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே ஓடி, ஒரே தொடுதலில் பந்தை இறக்கி, ஷ்லோட்டர்பெக் முதுகில் ஏறி வருவதைப் பொருட்படுத்தாமல், நோயருக்கும் கம்பத்துக்கும் இடையே இருந்த துளி இடத்தில் மேலாக அடித்தார். 83-வது நிமிடம்.

ஆனால் அது அசானோவின் திறமை. முதல் பாதியில் ஜெர்மனி ஜப்பானை மிதித்துப் போட்டது. 1-0 என்று நின்றதே அதிசயம். முதலிலேயே சரியான அமைப்போடு இறங்கியிருந்தால் இடைவேளையில் மாற்ற வேண்டிய தேவை ஏன் வருகிறது? அதே உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவிடம் தோற்றதும் அதனால்தான். காத்திருக்கத் தெரிந்த அணிக்கு, தானே ஆட்டத்தை எடுத்துப் போகத் தெரியவில்லை.

#7 பழையபந்து

வலைக்காவலன் தம்பி, கோஸ்டாரிகா ஆட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வெல்லக்கூடிய ஆட்டத்தை 1-0 என்று தோற்றார்கள்.

ஆனால் ஜெர்மனி ஆட்டத்தில் அவர் செய்தது சாதாரண மாற்றம் இல்லை. இடைவேளையில் குபோவை எடுத்துவிட்டு தோமியாசுவை இறக்கினார், பின்வரிசை மூன்று பேர் ஆனது. நகாதோமோ வெளியே, மிதோமா உள்ளே. பிறகு வலது தடுப்பாளர் சகாயும் வெளியே, மினாமினோ உள்ளே, இதோ ஜுன்யா வலது விங்பேக், அதாவது ஓரத்தில் தற்காப்பு, தாக்குதல் இரண்டையும் பார்ப்பவர். கடைசியில் பாருங்கள், இரண்டு விங்பேக்கும் தாக்குதல் ஆட்டக்காரர்கள்! பின்னால் மூவர், ஓரங்களில் தாக்குகிறவர்கள். இது ஹிரோஷிமாவில் அவர் வளர்த்த ஆட்டம்தான். உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போது அதை எடுக்கத் துணிச்சல் வேண்டும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதற்குப் பதில் அவரே பிறகு தந்துவிட்டார். 2024 ஜூனிலிருந்து அதே அமைப்பை முதல் நிமிடத்திலிருந்தே ஆட ஆரம்பித்தார். செப்டம்பரில் சீனாவை 7-0, பஹ்ரைனை 5-0. 2025 மார்ச் 20 அன்று சைதாமாவில் பஹ்ரைனை மறுபடி 2-0 என்று வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளைத் தவிர்த்து உலகிலேயே முதலாவதாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது ஜப்பான். அமைப்பில் அந்த மாற்றம் ஈரான் தோல்விக்குப் பிறகு நான்கே மாதத்தில் வந்தது.

#8 கார்னர்கொடி

2022 உலகக் கோப்பையின் ஸ்பெயின் ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பந்து ஜப்பானிடம் இருந்தது 18 சதவீதம்கூட இல்லை. தோஆன் ஒரு கோல், அடுத்த மூன்றாவது நிமிடத்தில் தனாகா ஒரு கோல். அந்த இரண்டாவது கோலுக்காக மிதோமா திருப்பி அடித்த பந்தின் ஒரு விளிம்பு மட்டும் கோட்டுக்கு மேல் இருந்தது, அளந்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 40 நிமிடமும், கூடுதலாகக் கொடுத்த ஏழு நிமிடமும் 2-1 என்ற முன்னிலையைக் காக்க வேண்டும். கத்தாரில், தோஹாவுக்குப் பக்கத்தில், அதே 2-1!

ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர் சந்திப்பில் மொரியாசுவே சொன்னார்: கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது தோஹாவின் நினைவு வந்தது என்று. வீரர்கள் பின்வாங்காமல் முன்னே போய்ப் பந்தைப் பறிக்கப் பார்ப்பதைக் கண்டபோது, காலம் மாறிவிட்டது என்று தோன்றியதாகவும் சொன்னார். 1993-இல் ஜப்பான் வீரர்கள் பெட்டிக்குள் நின்றுகொண்டு கிராஸ் வருவதைப் பார்த்தார்கள். 2022-இல் கிராஸ் அடிக்கவே விடவில்லை. தோஹா ஒரு சோகக் கதை மட்டும்தான் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த இரவை ஒரு நடுக்கள வீரராக அவர் ஆராய்ந்து வைத்திருக்கிறார் என்பேன்.

#9 சிவப்புவிளிம்பு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. அவர் மற்றவர்களுக்கு இடம் கொடுக்கிற விதம்.

2022-க்குப் பிறகு உதவியாளர்களாக நனாமி, மயேதா ரியோய்ச்சி வந்தார்கள். தாக்குதல் ஒருவருக்கு, தற்காப்பு ஒருவருக்கு, செட் பீஸ் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை) ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். 2024-இல் முன்னாள் கேப்டன் ஹசேபேயும் சேர்ந்தார். பயிற்சியை அவர்கள் நடத்த, இவர் ஓரமாக நின்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்வார். ஆட்டத்தின் நடுவிலும் அந்த நோட்டும் பேனாவும் கையில் இருக்கும். பலருக்கு இது பலவீனமாகத் தெரிகிறது. 'இவர் என்னதான் செய்கிறார்' என்று கேட்கிறார்கள். ஐரோப்பிய லீக்குகளில் ஆடுகிற இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் உள்ள அணியை, ஐரோப்பாவில் ஒருநாளும் ஆடாத ஒருவர் நடத்துகிறார். வீரர்களுக்குத் தெரிந்ததை வீரர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறு இல்லை. உலகக் கோப்பை முடிந்த பிறகும் பதவியில் நீடித்த முதல் ஜப்பான் பயிற்சியாளர் அவர். வீரர்கள் அவரை நம்பாமல் அது நடந்திருக்காது.

#10 வலைக்காவலன்

அந்த இடம் கொடுக்கும் குணம்தான் 2022 உலகக் கோப்பையின் 16 அணிச் சுற்றில், குரோஷியா ஆட்டத்தில் கழுத்தை அறுத்தது என்பேன்.

1-1, கூடுதல் நேரமும் முடிந்தது, பெனால்டி ஷூட் அவுட். யார் அடிப்பது என்று மொரியாசு பட்டியல் போடவில்லை. விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். சில விநாடிகள் யாரும் முன்வரவில்லை, பிறகு முதல் ஆளாக நான் போகிறேன் என்று சொன்னதாக மினாமினோவே கூறியிருக்கிறார். அந்தச் சில விநாடிகளை யோசித்துப் பாருங்கள். 120 நிமிடம் ஓடிக் களைத்த பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மினாமினோ அடித்தது குரோஷியா கோல் கீப்பர் லிவாகோவிச் கையில். மிதோமா, அதுவும் கையில். அசானோ மட்டும் போட்டார். யோஷிதா, மறுபடி கையில். 3-1. முடிந்தது.

பொறுப்பை எடுத்துக்கொள்ளவே ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். தவறவிட்டால் 'நான்தான் உன்னை அனுப்பினேன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கை தூக்கியவன் தவறவிட்டால் அந்தப் பாரம் முழுக்க அவன் தலையில்.

#11 மழைமைதானம்

இதில் நான் வலைக்காவலன் பக்கம். ஆட்டம் முடிந்ததும் மொரியாசு ரசிகர்கள் முன்னால் இடுப்பு வளைய நெடுநேரம் குனிந்து நின்றார். அந்த மரியாதை உண்மையானது. ஆனாலும் ஷூட் அவுட்டுக்கு முன்னால் பட்டியல் எழுதியிருக்க வேண்டும்.

2021 ஒலிம்பிக் கால் இறுதியில் நியூஸிலாந்தை 0-0-க்குப் பிறகு ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அரை இறுதியில் அசென்சியோ 115-வது நிமிடத்தில் அடித்த கோலில் ஸ்பெயினிடம் தோல்வி, வெண்கல ஆட்டத்தில் மெக்ஸிகோவிடம் 3-1. பதக்கம் இல்லை. 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் 3-1. ஆக, தோற்றால் வெளியே என்ற ஆட்டங்களில் அவருடைய கணக்கு இன்னும் கடன்தான்.

#12 பழையபந்து

கணக்கு கடன் என்பதை மறுக்கவில்லை. 2023 செப்டம்பரில் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஜெர்மனியை 4-1 என்று வென்றார்கள், மறுநாள் பயிற்சியாளர் ஃப்ளிக்கை ஜெர்மனி நீக்கியது. பிரேசிலையும் வென்றாயிற்று. ஆனால் இரண்டும் நட்பு ஆட்டம். ஆசியக் கோப்பை அவர் கையில் வரவில்லை, உலகக் கோப்பையில் 16 அணிச் சுற்றை ஜப்பான் தாண்டவில்லை. உலகக் கோப்பையை வெல்வதே இலக்கு என்று அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த அளவுகோலில் அவரை நிறுத்துவதில் தவறில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஈரான் ஆட்டத்தில் இதாகுராவை மாற்றாததையும், ஷூட் அவுட்டில் கை தூக்கச் சொன்னதையும் ஒரே குணமாகப் பாருங்கள். வீரரை நம்புவது. அந்த நம்பிக்கைதான் 20 வயது அசானோவை வளர்த்தது, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் தனாகாவை இறக்கியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா?

#13 வலைக்காவலன்

முடியும் ஐயா. பின்வரிசையில் மஞ்சள் அட்டையோடு திணறுகிறவரை 70-வது நிமிடத்தில் வெளியே எடுப்பதால் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாது. அடுத்த ஆட்டத்தில் மறுபடி இறக்கலாம்.

பெனால்டிக்கும் அதேதான். ஜப்பான் உலகக் கோப்பையில் 16 அணிச் சுற்று வரை நான்கு முறை வந்திருக்கிறது: 2002, 2010, 2018, 2022. அதில் இரண்டு முறை ஷூட் அவுட்டில் போனது. 2010-இல் பராகுவேக்கு எதிராக கொமானோ அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டது, 2022-இல் மூன்று பேர் தவறவிட்டார்கள். அடுத்த முறை அந்த நிலை வந்தால் ஐந்து பெயரையும் மொரியாசுவே அந்த நோட்டில் முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும். மற்றபடி அவர் தொடர்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

#14 கார்னர்கொடி

ஐந்து போதாது, எட்டு எழுதட்டும். 120 நிமிடம் ஆன பிறகு யார் களத்தில் மிச்சம் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முதல் பெயர் உவேதா, இரண்டாவது தோஆன் என்பது என் கணிப்பு. உங்கள் பட்டியல்களைப் போடுங்கள்.